இழுத்துப் பார்க்கிறவர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. கதை தோன்றியது என்று சொல்கிற எழுத்தாளர்களை நான் நம்புவதுமில்லை. எங்கேயாவது ஒட்டுக் கேட்டிருப்பான். விசாரித்தால் தோன்றியது என்பான். இது என் தங்கை புருஷன் எனக்குச் சொன்னது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு சரக்குக் கப்பலில், பயணியாக, நடுக்கடலில் இருக்கிறார். கப்பலில் இருக்கிற நெட்டை வைத்து என்னைக் கூப்பிடுகிறார். என் தங்கை, அவர் போய்ச் சேர வேண்டிய ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளும் என்னைக் கூப்பிட்டு, "என்ன சொல்றாரு உன் மாப்பிள்ளை?" என்கிறாள். இரண்டு பேரிடமும் போன் இருக்கிறது. இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன். சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிவிட்டால் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுப் போனை வைத்துவிடலாம். கதை பிறந்த லட்சணம் இவ்வளவுதான்.

என்னைப் பற்றி. படிப்பு ஐந்தாவது. வேலை, ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டர். பஸ்ஸில் கேட்டதை எல்லாம் பின்னால் எழுதினேன், யாரோ புத்தகமாகப் போட்டார்கள், எழுத்தாளர் என்றார்கள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு "டிக்கெட் எடுத்தாச்சு" என்கிறவர்களோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியவன் நான். முகத்தைப் பார்க்காமல் யாரையும் நம்புகிற வழக்கம் இல்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆகவே இப்போதைக்கு உங்களையும் நம்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏறியாகிவிட்டது, போகப் போகப் பார்ப்போம்.

2

முதல் வரி எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நீலப் பட்டு விரித்தாற்போல் கடல்"

(நிறுத்திவிட்டேன். நான் பார்த்த கடல் எல்லாம் அழுக்குப் பச்சை.)

"கப்பல் கரையை விட்டு விலகியது. அவர் கண்கள் கலங்கின."

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன்.

"கலங்கவே இல்லை மச்சான்."

"கொஞ்சம்கூடவா?"

"அந்த நேரத்துல நான் வெளியவே பார்க்கலை. ரூம் கதவு சாத்தினா தானா திறந்துக்குது. அதைப் பார்த்துட்டு இருந்தேன்."

"கப்பல் கிளம்பறதை விட்டுட்டு?"

"கப்பல் கிளம்பறதை அவங்க பார்த்துக்குவாங்க. கதவை யார் பார்க்கறது?"

"கப்பலின் கேப்டன் ஒரு கிளி வளர்த்தார்."

இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. கிளி மூன்று பாஷையில் திட்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தங்கைக்குப் படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நெஜமாவா அண்ணே?" என்றாள். "சத்தியமா" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் மாப்பிள்ளையிடம் கேட்டால், கேப்டன் கிளி எதுவும் வளர்க்கவில்லை. உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார், அதிலும் துணி காயப்போட்டிருக்கிறார். கிளியை வெட்டிவிட்டேன். ஆசையாக இருந்தால் நீங்களே சைக்கிள் மேல் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒழுங்காக.

3

மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறுகிற ஆள். கீழே நிற்கிறவன் "லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று கத்துவான். பெரிய அதிகாரியே வந்து சொல்வார். சொல்வது தாலி கட்டி அழைத்துவந்த மனைவியாகவே இருந்தாலும், மேலே ஏறினவன் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் கரண்ட் இருக்கிறதா என்று தன் கையால் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காதவர்கள் கதை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் பார்த்ததால்தான் முழு உடம்போடு ஓய்வு பெற்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள்.

கம்பத்திலிருந்து இறங்கியவர், அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தங்கை கேஸை அணைப்பாள்; அவர் போய்த் திருகிப் பார்ப்பார். தங்கை குழாயை மூடுவாள். அவர் போய் இறுக்குவார். தங்கை வீட்டைப் பூட்டுவாள். அவர் பூட்டைப் பிடித்து இழுப்பார். ஒரு தடவை இழுப்பதில்லை. முதலில் லேசாக, பிறகு பலமாக, பிறகு இரண்டு கையாலும் தொங்கி. பூட்டின மனுஷி பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

"பூட்டு உடைஞ்சுதா?"

"இல்லை."

"அப்ப கிளம்பலாமா?"

"இரு, தாழ்ப்பாளையும் பார்த்துடறேன்."

(தங்கை இந்த இடத்தில் குறுக்கிட்டு, "தொங்கறது மட்டும் இல்லை அண்ணே, காதை வெச்சுக் கேட்பாரு" என்று சேர்க்கச் சொன்னாள். பூட்டில் காதை வைத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்கவில்லை.)

4

இந்தப் பகுதியை எப்படியாவது சிரிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அப்படியே சொல்கிறேன்.

தங்கைக்குக் கண்ணில் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான். இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவள் பூட்டினாள், அவர் இழுத்தார், பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டார்கள். பஸ் தெருமுனையில் திரும்பும்போது அவருக்குக் கை நமநமவென்றது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். பஸ் வந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் டாக்டர் போய்விடுவார். அவள் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பூட்டு பார்க்கப் போயிருக்காரு."

நர்ஸுக்குப் புரியவில்லை. என் தங்கையும் விளக்கவில்லை. கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரி கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லாத்தான் பூட்டியிருக்கே."

கண் ஆறியது. பார்வை துலக்கமாக வந்தது. வந்ததும் அவள் பெட்டியைக் கட்டி, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அது கடலுக்கு அந்தப் பக்கம். போகும்போது அவரிடம் சொன்னது இது: "நான் பூட்டினா பூட்டினதுதான்னு என்னைக்காவது உங்க கைக்குத் தோணுச்சுன்னா வாங்க. வந்து சொல்லுங்க. அன்னைக்கு யோசிக்கறேன், வர்றதா வேண்டாமான்னு."

கவனியுங்கள். மனசுக்கு என்று சொல்லவில்லை. கைக்கு என்றாள். என் தங்கை என்னைவிடக் குறைவாகப் படித்தவள், மூன்றாவது. ஆனால் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பாள்.

5

ஏன் விமானத்தில் போகவில்லை? இதற்கு மாப்பிள்ளை மூன்று காரணம் சொன்னார். மூன்று காரணம் சொல்கிறவனிடம் உண்மையான காரணம் நாலாவதாக இருக்கும் என்பது என் கண்டக்டர் அனுபவம்.

ஒன்று, விமானத்தில் கதவை அவர்களே சாத்துவார்கள், நம்மை எழுந்துபோய்ப் பார்க்க விடமாட்டார்கள். இரண்டு, காது அடைக்கும். மூன்று, மகளுக்குத் தெரிந்த ஒருவர் சரக்குக் கப்பல்களுக்கு ஆள் ஏற்பாடு செய்கிறவர். சில கப்பல்களில் ஒன்றிரண்டு அறை காலியாக இருக்குமாம், பயணிகளை ஏற்றிக்கொள்வார்களாம். டாக்டர் சான்று கேட்டார்கள். கொடுத்தார். அங்கே பாட்டு கிடையாது, கூத்து கிடையாது, கூட வருகிற பயணியும் கிடையாது. பெட்டி பெட்டியாகச் சரக்கு, அதை ஓட்டிப்போகக் கொஞ்சம் ஆட்கள், நடுவில் இவர்.

நாலாவது காரணத்தை நான் சொல்கிறேன். விமானம் சீக்கிரம் போய்விடும். போய் நின்றதும் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"அப்படி எல்லாம் இல்லை மச்சான்" என்றார் இதைப் படித்துக் காட்டியபோது.

"அப்ப என்ன சொல்லப்போறீங்க?"

"கப்பல் ஆடுது, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்குக் கடல் தட்டு மாதிரி இருந்தது என்று அவரே காலையில் சொல்லியிருந்தார்.

6

கப்பலிலேயே நல்ல அறை என்று கொடுத்தார்களாம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. கை நீட்டும் தூரத்தில் ஆரஞ்சு நிறப் பெட்டி, லாரி அளவு. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. கீழே எஞ்சின் ஓடுவதால் டம்ளரில் போட்ட ஸ்பூன் எந்நேரமும் கிணுகிணுவென்று ஆடும். மனிதர் முதல் நாளே ஸ்பூனைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். சாப்பாட்டு அறையில் கேப்டன் முதல் எல்லாரும் தலையை ஆட்டி வணக்கம் சொல்வார்கள், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள், எழுந்து போவார்கள். நம் பாஷை பேசுகிறவர் ஒரே ஒரு ஆள். மேல்தளத்து மாலுமிகளுக்கு எல்லாம் தலைவர். அதற்குக் கப்பல் பாஷையில் ஏதோ பெயர் இருக்கிறது. மாப்பிள்ளை அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வெளியே நடக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிற அதிகாரியிடம் கேட்டுவிட்டு, தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளை கேட்டார், போட்டார், போனார். போன இடத்தில் பார்த்தால், பெட்டிகள் சாயாமல் இருக்க நீளநீளமான இரும்புக் கம்பிகளைக் குறுக்கே மாட்டி, அடியில் திருகு வைத்து முறுக்கியிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் கம்பி. யாரோ மாட்டினது. யாரோ முறுக்கினது.

அவர் கை என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன பண்றீங்க பெரியவரே?" பின்னாலிருந்து மேஸ்திரி குரல்.

"சும்மா பார்த்தேன்."

"சும்மா பார்க்கறவங்க கண்ணாலதான் பார்ப்பாங்க. நீங்க தொங்கிட்டு இருக்கீங்க."

மாப்பிள்ளை கையை எடுத்தார். திட்டு வாங்கப் பழகின மனிதர், தலையைக் குனிந்து நின்றார்.

"எத்தனை இழுத்தீங்க?"

"இந்த வரிசை முழுக்க."

"ஏதாச்சும் ஆடுச்சா?"

"அதோ, ஓரத்துல இருக்கறது. லேசா."

மேஸ்திரி போய் இழுத்தார். ஆடியது. திருகை முறுக்கினார். திரும்பி வந்து, "அந்தப் பக்கத்து வரிசை இன்னும் பார்க்கலை. வாங்க, கையுறை தர்றேன்" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டு வாங்கிக் கொடுத்த கைக்கு, முதல் தடவையாகக் கையுறை கிடைத்தது. அன்று என்னைக் கூப்பிட்டவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "மச்சான், இங்க இதுக்கு ஆள் போட்டுச் சம்பளம் குடுக்கறாங்க!" என்று கத்தினார். "தினம் காலையில இழுக்கறாங்க! உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க!"

சொன்னேன். "அப்ப அங்கேயே இருக்கச் சொல்லு" என்றாள் தங்கை.

* இந்த இடத்தில் ஒரு புயல் வர வேண்டும். கப்பல் கதையில் புயல் இல்லாவிட்டால் வாசகர்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு புயல் எழுதியும் வைத்தேன். அலை, இடி, பெட்டிகள் உருள்வது, மாப்பிள்ளை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துவது. படித்துக் காட்டினேன். "புயல் எதுவும் வரலையே மச்சான். வந்தா பயணியை ரூம்ல வெச்சுப் பூட்டிடுவாங்க" என்றார். வெளியிலிருந்தா உள்ளிருந்தா, அதை இழுத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். புயல் வேண்டும் என்கிறவர்கள் இங்கே ஒரு பக்கம் இடம் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

7

இனி வருவதுதான் கதை. இதற்கு முன்னால் வந்ததெல்லாம் டிக்கெட் கிழித்தது.

சில நாள் கழித்து மேஸ்திரி அவரை ஒரு கம்பிக்கு முன்னால் நிறுத்தி, "இன்னைக்கு இதை நீங்க முறுக்குங்க" என்றார். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். கம்பம் ஏறின கை. திருகைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, கம்பி கின்னென்று நிற்கும் வரை முறுக்கினார். முறுக்கிவிட்டு, பெருமையாகத் தள்ளி நின்றார்.

ஒல்லியாக ஒரு மாலுமி வந்தான். இவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தான். இழுத்தான். முதலில் லேசாக, பிறகு பலமாக, பிறகு உடம்பு முழுக்கத் தொங்கி. கம்பி அசையவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

மாப்பிள்ளையின் முகம் விழுந்துபோயிற்று.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? நல்லா இருக்குன்னுதானே சொல்லிட்டுப் போறான்?"

"இல்லை... நான் முறுக்கினதை..."

"அவன் முறுக்கினது அந்தப் பக்கம் இருக்கு. போய் நீங்க இழுங்க. இங்க கட்டினவன் கட்டினதை அவனே பார்த்துக்கிட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அடுத்தவன் பார்க்கணும். அடுத்தவன் கட்டினதை இவன் பார்க்கணும். உங்க வீட்டுல எப்படி?"

"வீட்டுல நான் மட்டும்தான் பார்ப்பேன்."

"அப்ப உங்களை யாரு பெரியவரே பார்க்கறது?"

8

இந்த ஏழாம் பகுதியைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. குழாயை மூடினாள். (மூடியது மூடியதுதான்.)

"கடைசி வரியை இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"அந்த மேஸ்திரி ரொம்ப நல்லாப் பேசறானே."

"கப்பல்காரன். நாலு ஊர் பார்த்தவன்."

"அது நீதானே அண்ணே?"

பிடித்துவிட்டாள். ஆமாம், கடைசி வரி நான் எழுதினது. மேஸ்திரி கேட்டதெல்லாம் "உங்க வீட்டுல எப்படி?" என்பதோடு சரி. அதற்கு மாப்பிள்ளை, வீட்டில் நான் மட்டும்தான் பார்ப்பேன் என்றார். மேஸ்திரி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பகுதி முடிகிற இடம் மொட்டையாக இருக்கிறதே என்று நான் ஒரு வரி போட்டேன். அதை அடித்துவிட்டேன். நீங்களும் அடித்துக்கொள்ளுங்கள்.

"முகம் விழுந்துச்சுன்னு எழுதியிருக்கியே, அது?"

"அதுவும் நான்தான். போன்ல முகம் எங்க தெரியுது?"

"வேற என்னதான் அவர் சொன்னது?"

சொன்னேன். அன்று அவர் கூப்பிட்டபோது சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இங்கே போடுகிறேன்: "மச்சான், அவன் இழுத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது மச்சான். நான் முறுக்கினதை நீ யாருடா பார்க்கறதுன்னு... கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. அவனும் நல்லாருக்குன்னுதான் சொன்னான். ஆனா எரிஞ்சுது." பின்னால் எஞ்சின் சத்தம் இரைந்துகொண்டே இருந்தது. அப்புறம், "அவளுக்கு நாள் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும் இல்லை?" என்றார்.

தங்கை உடனே பிடித்துக்கொண்டாள்.

"இது அவர் சொன்னதா?"

"அவர் சொன்னது."

"நீ எழுதினது இல்லையே?"

"இல்லைம்மா."

"ரெகார்டு பண்ணியிருக்கியா?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கேப்டன்கிட்ட கிளி இருக்குன்னும் சத்தியம்தான் பண்ணினே."

ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட மோசமான சாவு கிடையாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன், அதை நம்ப ஆள் இல்லை. யார் டிக்கெட் எடுத்தாச்சு என்றாலும் நம்பாதவனை, கடைசியில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டாள்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கோ" என்றாள். "இதை அவர் சொல்லியிருந்தா நான் பெட்டியைக் கட்டறேன். அவரோட வீட்டுக்குத் திரும்பறேன். இது நீ எழுதினதா இருந்தா, அவர் வந்து காபி குடிச்சுட்டு, பேத்தியைப் பார்த்துட்டு, தனியாவே திரும்பட்டும். நான் வரமாட்டேன். எதுன்னு நானே பார்த்துக்கறேன். துறைமுகத்துக்குப் போறேன். ஒண்ணும் கேட்க மாட்டேன். சும்மா முன்னாடி போய் நிக்கறேன். அவர் வாயிலேருந்து என்ன வருதுன்னு பார்க்கறேன்."

"நீயும் இழுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டியா?"

"ஆமா" என்றாள். "அவர் மட்டும்தான் பார்க்கணுமா?"

9

கப்பல் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் துறைமுகத்துக்கு உள்ளே இடம் இல்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று கேப்டனுக்கே தெரியாது. மாப்பிள்ளைக்கு ஊர் தெரிகிறது, உயரமான கட்டடங்கள் தெரிகின்றன, அதில் ஏதோ ஒன்றில் மனைவி இருக்கிறாள். இறங்க முடியாது. தங்கைக்கும் பால்கனியிலிருந்து கடலில் வரிசையாக நிற்கிற கப்பல்கள் தெரிகின்றன. எது அவருடையது என்று தெரியாது. "கறுப்பா ஒண்ணு நிக்குது, அதுவா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கறுப்பா சிவப்பா என்று அவரிடம் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மாப்பிள்ளை பதறிப்போய்க் கூப்பிட்டார். "மச்சான், கப்பலைத் திருப்பிட்டாங்க! காலையில இங்க நின்னா ஊர் தெரிஞ்சுது. சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா வெறும் கடல்! கூட்டிட்டுப் போறாங்க!" அப்புறம்தான் தெரிந்தது, நங்கூரம் போட்ட கப்பல் நீரோட்டத்துக்குத் தக்கபடி தானே சுற்றுமாம். அவர் கப்பலின் பின்பக்கத்தில் ஒரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் ஊர் அங்கே இருந்தது.

இந்தக் காத்திருப்பில்தான் முடிவுகளை எழுதினேன். இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: துறைமுக வாசலில் அவள் நிற்கிறாள். அவர் நடுங்கும் கையால் வீட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில்

"சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்கே" என்றாள் தங்கை. முடிவு ஒன்று முடிந்தது.

முடிவு இரண்டு: துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. கப்பல் கிளம்புகிறது. பால்கனியில்

"வாயை வைக்காதீங்க மச்சான்!" என்று மாப்பிள்ளை அலறினார். சரக்குக் கப்பலில் இப்படி நடக்குமாம். பயணிக்காக எல்லாம் நிற்க மாட்டார்களாம். கிழித்துப் போட்டுவிட்டேன்.

முடிவு மூன்று: அவர் இறங்கவே இல்லை. மேஸ்திரியிடம் கையுறையைத் திருப்பிக் கொடுக்காமல், கம்பி இழுக்கிற வேலைக்கே சேர்ந்துவிடுகிறார்.

இதைப் படித்ததும் மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த வயசுக்குச் சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டதாகத்தான் நினைக்கிறேன். இதை நான் தங்கையிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

10

இன்று காலையில் இடம் கிடைத்துவிட்டது. கப்பல் உள்ளே போகிறது. மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், அவ வர்றாளாமே. பொண்ணு சொன்னா."

"ஆமா."

"ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

"என்ன எழுதறது?"

"அவகிட்ட சொல்றதுக்கு. நாலு வரி. உங்களுக்குத்தான் வருமே. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"என்கிட்ட சொன்னீங்களே, வயிறு எரிஞ்சுதுன்னு. அதைச் சொல்லுங்க."

"அதையெல்லாம் பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது மச்சான்? வெக்கமா இருக்காதா? உங்ககிட்டயே கப்பல் சத்தம் இருக்கிற தைரியத்துல சொன்னது. நீங்க வேற மாதிரி, கௌரவமா, புத்தகத்துல வர்ற மாதிரி எழுதிக் குடுங்க."

என் சங்கடத்தை இப்போது புரிந்துகொண்டிருப்பீர்கள். நான் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். நல்லாவே எழுதுவேன். அவர் தடுமாறாமல் ஒப்பிப்பார். அவள் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள், இது அண்ணன் எழுதினது என்று. மேஸ்திரி வாயில் வைத்த வரியையே பிடித்தவள். அதோடு அவர் சொன்ன நிஜமான வார்த்தையும் சேர்ந்து பொய்யாகிவிடும். அவர் தனியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

எழுதாமல் விட்டால்? அவர் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. "நல்லாத்தான் பூட்டியிருக்கே" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாய் அது. கையில் பெட்டியோடு அவள் முன்னால் போய் நின்று, வீட்டில் கேஸை யார் மூடினது என்று கேட்டாலும் கேட்பார். வயிறு எரிஞ்சுது என்று சொன்னாலும் சொல்வார்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

"என்ன மச்சான், இந்த நேரத்துல காலை வார்றீங்க!"

"நீங்களே முறுக்குங்க மாப்பிள்ளை. அவ இழுத்துப் பார்க்கட்டும்."

திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

இதை எழுதும் நேரத்துக்கு அவர் கப்பல் ஏணியில் இறங்கியிருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் பயணி நடக்கக் கூடாதாம். வேன் ஒன்று வந்து ஏற்றி, வாசலில் விடுமாம். பேப்பர்களைப் பார்ப்பார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் தங்கை வந்து நிற்கிறாள் என்று மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள். காலையிலேயே வந்துவிட்டாளாம். பெட்டி கட்டினாளா இல்லையா என்று கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள், மூடி திறந்தபடி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

இதோ, போன் அடிக்கிறது. மாப்பிள்ளை. எடுக்கவில்லை.

மறுபடி அடிக்கிறது. எடுத்தேன், கை கேட்கவில்லை. "மச்சான், அவ நிக்கறா. என்னைத்தான் பார்க்கறா. ஒரு வரி, ஒரே ஒரு வரி" என்றார். நான் வாயைத் திறந்தேன். நல்ல வரி ஒன்று வந்தது. என் வாழ்நாளில் எழுதாத வரி. அதை முழுங்கிக்கொண்டு போனை அணைத்தேன். அணைத்துவிட்டு மேஜையின் மறுகோடியில் வைத்தேன்.

உங்களைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், அவருக்கு என்ன சொல்லலாம் என்று உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். நல்லதாகவே இருக்கும். அவர் கெஞ்சினால் மனசு கேட்காது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், பின்னால் கப்பல் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டால், தயவுசெய்து எடுக்காதீர்கள்.